அரமும் காதும்

தெருமுனையில் திரும்பும்போதே ஓர் ஆர்எக்ஸ் 100 யார் கையில் வளர்ந்த வண்டி என்று சத்தம் சொல்லிவிடும். சைலன்சருக்குள் இருக்கும் தடுப்புக் குழாயை உருவி எறிந்துவிட்டு ஊரையே எழுப்புவது ஒரு ரகம். அதை டியூனிங் என்று நான் ஒத்துக்கொள்வதில்லை. இன்னொரு ரகம், ஐடிலில் தாளம் பிசகாமல் நின்று, ஆக்சிலேட்டரைத் திருகியதும் விக்காமல் சுருதி ஏறும்.

எஸ்கார்ட்ஸ் 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரித்த யமஹா இது. 98 சிசி டூ ஸ்ட்ரோக், 11 குதிரைசக்தி. ஹெட்டில் வால்வு, கேம், டைமிங் செயின் எதுவும் கிடையாது. ஹெட்டின் நான்கு நட்டைக் கழற்றினால் பிஸ்டன் கண்முன்னே நிற்கும். சிலிண்டர் சுவரில் வெட்டியிருக்கும் போர்ட்டுகளை மேலும் கீழும் போகும் அந்த பிஸ்டனே திறந்து மூடுகிறது. ஆக, போர்ட்டின் உயரம்தான் எஞ்சினின் குணம். வீட்டுத் திண்ணையில் அரத்தை வைத்துக்கொண்டு ஒருவர் அந்தக் குணத்தையே மாற்றலாம் என்பதுதான் டூ ஸ்ட்ரோக்கின் கவர்ச்சி, ஆபத்தும் அதுவே.

தேர்ந்த கை முதலில் அரத்தைத் தொடாது. சிலிண்டர் போருக்குள் காகிதத்தைச் சுற்றிவைத்து, விரலால் தேய்த்து, போர்ட்டுகளின் அச்சை எடுக்கும். எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினாலும் புகை முன்கூட்டியே வெளியேறும். உச்ச வேகத்தில் வண்டி பறக்கும், ஆனால் சந்தைக் கூட்டத்தில் இரண்டாம் கியரில் ஊர்ந்துபோக அடம்பிடிக்கும். அகலத்தைக் கூட்டினாலோ பிஸ்டன் ரிங் போர்ட்டுக்குள் பிதுங்கிச் சிக்கிக்கொள்ளும் அபாயம். சீவிய விளிம்பை மழுங்க இழைத்துவிடாதவர் போரையே இழப்பார். நான் ரசிப்பது யார் கண்ணுக்கும் படாத வேலையை: வார்ப்பில் தங்கிய மேடுகளை வழித்து, சிலிண்டரும் கிராங்க்கேஸும் பேக்கிங்கும் சேரும் இடத்தில் ஒரு படிகூடத் தட்டுப்படாமல் இழைத்திருப்பதை.

சைலன்சரின் கதை கிழக்கு ஜெர்மனிக்குப் போகிறது. எம்இசட் நிறுவனத்தின் வால்டர் காடன், புகைக் குழாய்க்குள் ஓடும் அழுத்த அலைகளை அளந்து அதன் வடிவத்தைச் செதுக்கியவர். விரியும் கூம்பு சிலிண்டரிலிருந்து புகையை உறிஞ்சும். அடுத்து வரும் குறுகும் கூம்பு, தப்பி வந்த புதுக் கலவையைத் திருப்பி உள்ளே தள்ளும். 1961இல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைசக்தி தந்தது. அதே ஆண்டு அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பி சுசூகியில் சேர்ந்தார். அந்த வித்தையும் கூடவே போனது. மறு ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசூகிக்கு.

கடைசியில் எல்லாம் கார்புரேட்டரில் வந்து நிற்கும். பெரிய மெயின் ஜெட்டில் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பதே முறை. முழு வேகத்தில் ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பீங்கான் காபித்தூள் நிறத்தில் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, பிஸ்டன் கவ்விக்கொள்ள அதிக நேரம் ஆகாது. ஊட்டியின் மெல்லிய காற்றில் அதே ஜெட் பெட்ரோலை அதிகமாக ஊட்டும். விஷயம் தெரிந்தவர் மலையில் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றுவார். மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும், டீ சொல்வதற்கு முன்பே, பழைய பள்ளத்துக்கு மாற்றிவிடுவார்.