மூன்றாவது போகம்

சென்னையில் மழை பெய்தால் 'ஸ்கூல் லீவா?' என்று டி.வி. பார்க்கிறோம். பெய்யாவிட்டால் லாரித் தண்ணீருக்கு போன் போடுகிறோம். நமக்கும் மழைக்கும் உறவு அவ்வளவுதான். அதற்கு மேல் தெரிய வேண்டும் என்றால் பி. சாய்நாத்தின் 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்' படியுங்கள். 1996-ல் வந்தது. சமீபத்தில் மறுபடி எடுத்தேன். அலுக்கவில்லை. வறட்சி என்றால் எல்லோருக்கும் கொள்ளைப் பிரியம் என்று தலைப்பிலேயே குட்டு வைக்கிற புத்தகம்.

90-களில் இந்தியாவின் மிக ஏழை மாவட்டங்களில் திரிந்து 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வுக்கு அவர் எழுதிய ரிப்போர்ட்டுகள் இவை. பலாமுவில் (அப்போது பீகார், 2000-லிருந்து ஜார்கண்ட்) வறட்சி நிவாரணத்துக்கு 'மூன்றாவது போகம்' என்றே பெயராம். விதைப்பது சர்க்கார், அறுப்பது கான்ட்ராக்டர். பஞ்சத்துக்குப் பேர்போன காலஹண்டியில் மழை ஒன்றும் குறைச்சலில்லை, சும்மா வானத்தைத் திட்டாதீர்கள் என்கிறார். நம்ம ராமநாதபுரத்து மிளகாய் சம்சாரிகளும் தரகர்களும்கூட வருகிறார்கள்.

எனக்கு இரண்டு குறை. எல்லாம் பேப்பருக்கு எழுதியவை என்பதால், பத்தைச் சேர்ந்தாற்போல் படித்தால் கடைசி வரிக் குத்து எங்கே விழும் என்று முன்பே தெரிந்துவிடுகிறது. இது சின்னக் குறை. பெரிய குறை, மழை எவ்வளவு என்பதில் காட்டிய அக்கறையை, எப்போது என்பதில் அவர் காட்டவில்லை.

ராமநாதபுரத்தில் புரட்டாசியில் காய்ந்த புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். ஒரு மழை விழுந்து விதை முளைத்து, அப்புறம் மூன்று வாரம் வெயில் அடித்தால் பயிர் கருகிப் போச்சு. மறுபடி விதைநெல், மறுபடி உழவுக் கூலி. கதிர் பிடிக்கிற நேரத்தில் கண்மாய் வற்றினால் பாதி பதர். தை மாதம் அறுத்துப் போட்டபின் பெய்தாலோ களத்திலேயே நெல் முளைக்கும். வருஷ முடிவில் கூட்டிப் பார்த்தால் 'இயல்பான மழை' என்றுகூட வரும்!

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவிகிதம் குறைந்தது. அந்த மாதிரி வறட்சி யாருக்கும் புரியும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அதை என்ன சொல்வீர்கள்? ஒரு வருஷத்து மழையைவிட அதிகம். கணக்குப் புத்தகத்தில் அமோகம். தூத்துக்குடிப் பக்கம் குளம் உடைந்து மணல் மூடின வயல்காரரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

சாய்நாத்தின் மிளகாய்த் தரகரை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள். ஒரே பருவத்தில் விதைக்கு இரண்டு தடவை கடன் வாங்கின ஆசாமி, கடன் கொடுத்தவர் சொல்கிற விலைக்குத் தலையாட்டாமல் வேறென்ன செய்வார்? அந்தக் கட்டுரையை மட்டுமாவது படித்துவிடுங்கள்.