டிசைன் யார் போட்டது?

2009-ல் இந்திய அஞ்சல் துறை மரபு நெசவுகளுக்காக நான்கு ஸ்டாம்ப் வெளியிட்டது. கலம்காரி, அபதானி, பனாரஸ் பட்டு, அப்புறம் நம்ம காஞ்சிபுரம் பட்டு. எங்கள் வாலாஜாபாத் பக்கம் தறிக்காரர் ஒருவரிடம் அதைக் காட்டினால் அவர் கேட்கும் முதல் கேள்வி, ‘டிசைன் யார் போட்டது?’ என்பதாகத்தான் இருக்கும்.

நம் ஸ்டாம்புகளில் பொதுவாக அதற்குப் பதில் கிடையாது. கூடவே விற்கும் விவரத்தாளில் பொடி எழுத்தில் இருக்கும். சங்கா சமந்தா, பிரம்ம பிரகாஷ், அல்கா ஷர்மா என்று அங்கே திரும்பத் திரும்ப வரும் பெயர்களை சேகரிப்பாளர்களைத் தவிர யாருக்குத் தெரியும்? பிரெஞ்சு ஸ்டாம்புகளின் அடி விளிம்பிலேயே ஓவியர் பெயர் அச்சாகிறது. நாங்கள் எழுதும் ரெண்டு வரி கோடுக்குக்கூட கமிட்டில் பெயர் இருக்கு சார்.

பெயர் இல்லாததன் விளைவு படத்திலும் தெரிகிறது. தலைவர் ஸ்டாம்ப் என்றால் நடுவில் முகம், பின்னால் ஒரு கட்டடம், ஓரத்தில் ஆண்டு. எத்தனை நூற்றாண்டு விழாக்கள், எல்லாம் ஒரே முகவெட்டு! ஓவியரைக் குறை சொல்ல மாட்டேன். கையில் ஒரு பழைய போட்டோவைக் கொடுத்து ‘இதை வை’ என்றால் அவர் என்னதான் செய்வார்? பக் ரெக்வயர்மென்ட்டிலேயே இருக்கிறது.

அந்த ரெக்வயர்மென்ட்டையே மாற்றியவர் பிரிட்டனின் டேவிட் ஜென்டில்மேன். மரச்செதுக்கு ஓவியர், புத்தக அட்டைகள் வரைந்தவர். 1840 முதல் பிரிட்டிஷ் ஸ்டாம்பில் அரசரோ அரசியோ தலைகாட்டியே ஆகவேண்டும். அரசியின் பெரிய முகம் இருக்கும்வரை நல்ல படத்துக்கு இடமில்லை என்று அஞ்சல் துறை அமைச்சர் டோனி பென்னுக்கு எழுதினார். அரண்மனையோடு இழுபறி நடந்தது. கடைசியில் அரசி மூலையில் சின்ன நிழலுருவம் ஆனார். ஜென்டில்மேன் நூறு ஸ்டாம்புக்கு மேல் வரைந்தார்.

இங்கே வழியே இல்லை என்று சொல்ல முடியாது. துறை அவ்வப்போது போட்டி வைக்கிறது. குழந்தைகள் தினத்துக்குக் குழந்தைகள் வரைந்தவையே ஸ்டாம்பாகியிருக்கின்றன. 2011 முதல் ‘மை ஸ்டாம்ப்’பில் காசு கட்டினால் நம் முகமே பக்கத்தில் அச்சாகி வரும். செல்ஃபிக்குத் திறந்த கதவு அது, ஓவியருக்கு இல்லை.

போட்டிக்கு வரைகிற நண்பர்களுக்கு ஒன்று: பெரிய திரையில் வரைந்து சுருக்காதீர்கள். சேலை டிசைனை கிராஃப் தாளில் போடுகிறவர் ஒரு கட்டத்துக்கு எத்தனை இழை என்று கணக்குப் பார்த்துத்தான் அன்னத்தின் கழுத்தை வளைக்கிறார். அதேபோல நான்கு சென்டிமீட்டரில் அச்செடுத்து, கவர் மேல் ஒட்டி, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். மேலே கறுப்பு முத்திரை வேறு விழும்.