பிறவி என்னும் சொல்லும் கிறித்துவின் பிறப்பும்

தமிழ்ச் சமய நூல்களிற் பயின்றோர்க்குப் 'பிறவி' என்பது மகிழ்ச்சி தரும் சொல்லன்று. அது பிணியென்றும் கடலென்றும் தளையென்றும் உருவகிக்கப்படும். திருக்குறளின் முதலதிகாரமே அக்கடலை நீந்துதல் பற்றிப் பேசி முடிகின்றது. சைவர் தம் இறைவனைத் தாய் வயிற்றிற் பிறவாதவன் எனப் போற்றினர். வைணவர் இறைவனின் அவதாரங்களைப் பாடி உருகினாராயினும், தம் பிறவி அறுதலையே பெரிதும் வேண்டினர். தில்லைக் கூத்தனைக் காணுதற்பொருட்டு மனிதப் பிறவியையும் விரும்பிய அப்பரடிகளின் வாக்குப் போல்வன, அப்பொது நெறியின் வன்மையைப் புலப்படுத்தும் விலக்குகளேயாம்.

இத்தகைய சொல்லுலகினுள், ஒரு பிறப்பையே பெருவிழாவாகக் கொண்டாடும் சமயமொன்று புகுந்தபோது மொழிக்கு நேர்ந்தது யாது? கிறித்தவக் காப்பியங்களைக் கற்பிக்கும்போது கம்பன் செல்வாக்கும் உவமை நலமும் பேசப்படும் அளவிற்கு இவ்வினா பேசப்படுவதில்லை. எமக்கோ இதுவே முதல் வினாவாகத் தோன்றுகின்றது.

திசம்பர் 25ஆம் நாளைக் கிறித்து பிறப்பு நாளாகக் குறிக்கும் உறுதியான பழஞ்சான்று, உரோமையில் 354ஆம் ஆண்டு தொகுக்கப்பெற்ற நாட்குறிப்பில் உள்ளது. அடுத்த நூற்றாண்டில் திருச்சபைத் தலைவராயிருந்த முதலாம் லியோ (440-461) தம் விழாச் சொற்பொழிவுகளில், தலையின் பிறந்தநாள் உடலின் பிறந்தநாளுமாகும் என்னும் கருத்தை விளக்குகின்றார். கிறித்து தலை, அடியார் கூட்டம் உடல்; ஆதலின் அந்நாளிற் புதிதாய்ப் பிறப்பவர் அடியாருமாவர் என்க. 14ஆம் நூற்றாண்டிற் செருமானிய நாட்டில் வாழ்ந்த தாவுலர் என்னும் துறவி இதனை மேலும் நுணுக்கினார். நள்ளிரவிலும் வைகறையிலும் பகலிலும் நிகழும் மூன்று பூசைகளை அவர் மூன்று பிறப்புகளுக்கு உரியவாக்கினார். தந்தையிடத்து மகன் என்றும் பிறத்தல் ஒன்று. மரியாளிடத்துப் பிறந்தது மற்றொன்று. நல்லுயிரினுள் நாள்தோறும் பிறத்தல் மூன்றாவது. இம்மூன்றாம் பிறப்பு இல்லையெனின் அவ்விழா வெறும் ஆண்டு நினைவாகவே எஞ்சும்.

தமிழிற் சொல்லுதற்கு அரிதாயிருந்ததும் இம்மூன்றாம் பிறப்பேயாகும். யோவான் நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில், இரவில் வந்த நிக்கொதேமுவிடம் புதுப்பிறப்புப் பற்றி இயேசு கூறுகின்றார். அங்குள்ள 'ஆனோதென்' என்னும் கிரேக்கச் சொல் 'மீண்டும்' எனவும் 'மேலிருந்து' எனவும் இருபொருள் படும். நிக்கொதேமு முதற்பொருளையே கொண்டு, முதியவன் மீளத் தாய் வயிற்றிற் புகுவானோ என்று வினவித் திகைக்கின்றான். தமிழில் 'மறுபிறப்பு' என்று கூறிய அளவிலேயே கேட்போர் அனைவரும் நிக்கொதேமு ஆகிவிடுவர். ஏனெனில் அச்சொல்லுக்கு இங்கு முன்னரே வேறு பொருள் நிலைபெற்றிருந்தது. அப்பொருளை மறுத்தற்கென்றே, 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் 'புனர்சென்ம ஆட்சேபம்' என்னும் நூலை இயற்றினார். மறுபிறப்பு இல்லை என்று வாதிட்ட வாயே மறுபடி பிறத்தல் வேண்டும் என்றும் போதிக்க வேண்டியதாயிற்று. இம்முரணை உரைநடையாளர் 'ஞான' என்னும் அடையினால் ஒருவாறு கடந்தனர். ஞானஸ்நானம், ஞானத்தந்தை முதலியன அவ்வாறு அமைந்தன. அடைமொழி பொருளை வரையறுக்கும். ஆயின் உணர்வை மாற்றவல்லதன்று. அது புலவன் செயல்.

வீரமாமுனிவர் (1680-1747) 1726இல் நிறைவேற்றிய தேம்பாவணி, 36 படலங்களும் 3615 பாக்களும் கொண்டது. அதன் தலைவர் கிறித்து அல்லர். அவரை வளர்த்த சூசையாகிய வளன். காப்பியத்துக்கு ஒப்பற்ற தலைவன் வேண்டும் எனத் தண்டியலங்காரம் விதித்திருக்க, ஒப்பற்றவரை விடுத்து அவர்தம் வளர்ப்புத் தந்தையைத் தலைவராக்கியது ஏன்? சூசைபால் முனிவர் கொண்ட பத்தியும், ஆகிருத மரியாள் என்னும் துறவியின் நூலை அவர் தழுவியமையும் காரணமாகக் கூறப்படும். அவை உண்மையே, எனினும் போதியன அல்ல. காப்பியத் தலைவன் நாற்பொருளை நாடி நடப்பவன், இடையூறுற்று மாறுபவன். கடவுட்டன்மையில் குறைவற்றவர்க்கு நாடுதற்குரியது யாதுமில்லை. புதுப்பிறப்பு எய்துதற்கு உரியவன் மனிதனே.

படல அமைப்பை நோக்குக. ஏழாவது ஐயந்தோற்று படலம். எட்டாவது ஐயம்நீங்கு படலம். ஒன்பதாவது மகிழ்வினைப் படலம். பத்தாவதே குழந்தை தோன்றும் மகவருள் படலம். மனைவி கருவுற்றமை கண்டு சூசை கலங்கியதும் கனவில் வானவன் உரைத்ததும் மத்தேயு நற்செய்தியில் ஒரு சில அடிகளில் முடிவன. அந்நற்செய்திகளுள் சூசை வாய்திறந்து பேசிய சொல் ஒன்றேனும் இல்லை. முனிவரோ அம்மௌனத்தை விரித்து இரண்டு படலங்களாக்கினார். ஐயமும் தெளிவும் மகிழ்வும் கடந்த பின்னரே மகவு வருகின்றது. குடிலில் நிகழும் பிறப்பிற்கு முன்னரே வளனின் உள்ளத்தில் ஒரு பிறப்பு நிகழ்ந்துவிட்டது. தாவுலர் மூன்றாவதாக வைத்ததை முனிவர் முன்னதாக வைத்தார் எனலாம்.

பெயரிடுதலும் கருதத்தக்கது. மூன்றாம் படலத்தின் பெயர் 'வளன் சனித்த படலம்'. மனிதன் பிறந்தமைக்குச் 'சனித்தல்' என்ற பொதுச்சொல் ஆளப்பட்டது. கிறித்துவின் பிறப்புக்கு அதனைக் கூறாது 'மகவருள்' என்றார். வினையின் பயனாய் வருவது பிறவி. எவ்வினையும் காரணமாகாது வருவது அருள். அருள் என்னும் சொல்லையோ தமிழர் எவரிடமும் கற்க வேண்டியதில்லை. சைவமும் வைணவமும் அதனைப் பல நூற்றாண்டுகள் கனிவித்து வைத்திருந்தன. ஐயத்துக்குரிய சொல்லை விடுத்து அன்புக்குரிய சொல்லால் விழாவின் பொருளை உணர்த்தியது முனிவரின் நுண்மாண் நுழைபுலம் ஆகும். தலைப்பொன்றை மட்டும் கொண்டு முடிவு கட்டுதல் தகாது என்பதை யாம் அறிவோம். பாக்களில் பிறத்தல் என்னும் வினை வாராமலும் இல்லை. அன்றியும் வானோர் வாழ்த்தும் அணிநலமும் மிக்கவிடத்துத் தொழுவத்தின் வறுமை சற்று மறைந்துபோகின்றது; இக்குறை காப்பிய மரபின் விலையெனலாம்.

தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774-1864) தம் பெத்லகேம் குறவஞ்சியில் வேறு வழி சென்றார். நூற்பெயர் பிறந்த ஊரைச் சுட்டினும், கதை காதலைப் பற்றியது. பெத்லகேம் நாதரை விழைந்து தேவமோகினி வாடுகின்றாள். குறத்தி குறி கூறுகின்றாள். உயிர் புதிதாதலைப் பிறப்பாக அன்றிக் காதலாக உரைத்தமையின், பிறவி என்னும் சொல்லோடு அவர்க்கு அத்துணைப் போராட்டம் நேரவில்லை. ஆடற்கும் பாடற்கும் இனியது அந்நூல். எனினும் எம் வினாவிற்கு விடை தேம்பாவணியிலேயே ஆழ்ந்து கிடக்கின்றது. அக்காப்பியத்துள் 'பிறப்பு', 'அருள்' என்னும் இரண்டும், அவற்றின் ஒருபொருட் சொற்களும், யார்க்கு யார் கூற்றாக வருகின்றன எனப் படலந்தோறும் தொகுத்துக் காணும் பணி இனி ஆய்வு மாணவர்க்கு உரியது.