பழைய நூலும் புதிய பிள்ளையும்

சிறு பிராயத்தில் விரும்பிப் படித்த நூலைத் தம் பிள்ளையுடன் அமர்ந்து மீண்டும் படிப்பதில் உள்ள இன்பத்தைப் பற்றிப் பெற்றோர் பலர் உருக்கத்தோடு பேசுகின்றனர். பழுத்த தாளின் மணம், மங்கிய வண்ணப் படம், முதற் பக்கத்தில் கோணல் எழுத்தில் எழுதப்பட்ட தம் பெயர் ஆகியன அவர்தம் கண்களைக் கலங்கச் செய்கின்றன. இவ்வுணர்ச்சி பொய்யன்று, அதனை எள்ளி நகையாடுவது எமது நோக்கமுமன்று. ஆயினும், உணர்ச்சி மெய்யானது என்பதனால் மட்டும் அது நூலைப் பற்றிய தீர்ப்பாகிவிடாது. ஒரு நூல் எமக்குப் பிடித்திருந்தது என்பது எம்மைப் பற்றிய செய்தி. அது இன்றைய பிள்ளைக்கு என்ன தரும் என்பது நூலைப் பற்றிய வினா. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தவறுவோர் தமது ஏக்கத்தையே பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுத்துவிடுகின்றனர்.

இவ்வின்பம் எவருக்கு உரியது என்பதையும் கேட்டே ஆகவேண்டும். 1980ஆம் ஆண்டு அரசு இலவசப் பாடநூல் வழங்கத் தொடங்கும்வரை, பாடநூலையே அண்ணனிடமிருந்து தம்பி பெற்றுப் படித்த வீடுகள் எத்தனையோ. மலையகத்தில் நிலைமை இன்னும் கொடியது. தோட்ட நிர்வாகத்தின் கீழ் ஓராசிரியரோடு ஐந்தாம் வகுப்புவரை நடந்த பாடசாலைகளில் கற்று, பின்னர் கொழுந்துக் கூடையைச் சுமந்த தாய்க்கு, மகளுடன் மீண்டும் படிக்க எந்த நூல் இருக்கிறது? லயத்து அறையில் புத்தக அலுமாரிக்கு இடமிருந்ததா? 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பதை நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம். 1990ஆம் ஆண்டு வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், 1995ஆம் ஆண்டு வலிகாமத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களும் வீட்டில் விட்டுச்சென்ற பிள்ளைப் புத்தகங்களை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. அத்தகையோரிடம் எஞ்சியது பெரும்பாலும் மனத்தில் இருந்ததே. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டும் கத்தரித் தோட்டத்து வெருளிப் பாட்டும் அவ்வாறு வாய்வழியே பிள்ளைகளை வந்தடைந்தவை. இங்கே ஏக்கம் என்பது ஓய்வு நேரத்துச் சுகமன்று. இழந்ததில் ஒரு துண்டைக் காப்பாற்றும் முயற்சி. சுகத்துக்கு ஏங்குபவனையும் இழப்புக்கு ஏங்குபவனையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது.

இனி நூல்களுக்கு வருவோம். நம்மவரின் முதல் நூல் பெரும்பாலும் ஆத்திசூடி. பாட்டன் சொல்லித் தந்தது என்ற பாசத்தோடு தந்தையொருவர் அதனை மகளுக்குச் சொல்லித் தருகிறார் என்று கொள்வோம். பெண்ணின் சொற்படி நடவாதே என்னும் கருத்துடைய அறிவுரை ஓரிடத்தில் வருகிறது. கொன்றைவேந்தனுக்குச் சென்றால், பெண்ணுக்கு அழகு குறைவாக உண்பதே என்னும் கருத்து எதிர்ப்படும். (இரண்டையும் பாடியவர் ஒரு பெண்பாற் புலவர் என்று மரபு சொல்வதை என்னென்பது!) தந்தை என்ன செய்வார்? சிலர் அவ்வடியைத் தாண்டிச் செல்வர். சிலர் உரையாசிரியரின் துணைகொண்டு, அதற்கு அப்பொருள் இல்லையென்று சாதிப்பர். முதலாவது ஒளிப்பு, இரண்டாவது சப்பைக்கட்டு. இரண்டும் நூலைக் காப்பாற்றுவனவேயன்றிப் பிள்ளையைக் காப்பாற்றுவன அல்ல. அவ்விடத்தில் நின்று, இவ்வாறு சொன்னவர்கள் எத்தகைய சமூகத்தில் வாழ்ந்தார்கள், இது சரியா என்று மகளையே கேட்பது மூன்றாவது வழி. பாரதி செய்தது ஒருவகையில் இதுவே. ஆத்திசூடியின் வடிவத்தை அவர் வீசியெறியவில்லை. அதே வடிவத்தில் அச்சத்தை ஒழிப்பதை முதற் பாடமாக வைத்தார். பெண்ணை உயர்த்தவேண்டும் என்னும் கட்டளையை அதனுள் சேர்த்தார். மரபை நேசிப்பவன் அதனோடு வாதிடவும் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1947ஆம் ஆண்டு தொடங்கிய அம்புலிமாமாவையும் இவ்வாறே அணுகலாம். அதன் கதைகள் பலவற்றில் வறியவன் தன் உரிமையால் உயர்வதில்லை. அரசன் பொற்காசு அளிப்பதால் உயர்கிறான். எனினும், விக்கிரமாதித்தனின் தோளில் தொங்கும் வேதாளம் கதை முடிந்ததும் ஒரு கேள்வி கேட்கிறதல்லவா? அந்தக் கேள்வியிலேயே அவ்விதழின் உயிர் இருந்தது. அரசன் விடை சொல்வதற்கு முன் நூலை மூடிவிட்டுப் பிள்ளையின் விடையைக் கேட்கும் பெற்றோர், அரசர் கதையிலிருந்தும் நல்ல பயனைப் பெறுவர்.

பிறருடைய ஏக்கத்தை மட்டும் சோதித்துவிட்டு நம்முடையதை விட்டுவிடுதல் நேர்மையாகாது. இடதுசாரிக் குடும்பங்களில் வளர்ந்தவர்க்கு ஆத்திசூடியின் இடத்தில் மொஸ்கோவிலிருந்து வந்த தமிழ் நூல்கள் இருந்தன. தடித்த அட்டை, தெளிந்த ஓவியம், ஏழைக்கும் எட்டும் விலை. 1991ஆம் ஆண்டு சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அவ்வரவு நின்றது. அன்று சில்லறைக் காசுக்குக் கிடைத்த அந்நூல்களின் பழைய பிரதிகளை இன்று அரும்பொருளாகச் சேர்ப்போரும் உளர். மக்கள் நூலாகப் பிறந்தது சேகரிப்போரின் பெட்டகத்தில் முடிவது வரலாற்றின் கேலி அன்றி வேறென்ன?

அந்நூல்களுள் அலெக்சாந்தர் ரஸ்கினின் ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’ எமது பொருளோடு நேரே தொடர்புடையது. நோயுற்றுப் படுத்திருந்த மகள் சாஷாவை மகிழ்விக்க, ரஸ்கின் தமது சிறுபிராயத்துச் சம்பவங்களைச் சொல்லத் தொடங்கினார். அவையே பின்னர் நூலாயின. அப்பாவுக்கு அழகிய பெரிய பந்தொன்று கிடைக்கிறது. மோட்டார் வண்டியின் அடியில் போட்டால் என்ன ஆகும் என்று அறிய விரும்பி, அதைப் போட்டே பார்க்கிறார். நாயைப் பழக்கப்போய்க் கடிபடுகிறார். என்ன தொழில் செய்வாய் என்று கேட்டால் நாளுக்கொரு தொழிலைச் சொல்லி, கடைசியில் நாயாகவே ஆகப்போவதாகச் சொல்கிறார். தமது பால்யத்தைப் பொற்காலமாக இவர் காட்டவில்லை. அன்று நாங்கள் எவ்வளவு ஒழுக்கமாக இருந்தோம் தெரியுமா என்னும் குரல் எங்கும் இல்லை. பேராசை, தற்பெருமை, கோழைத்தனம் ஆகியவற்றைத் தம்மிடமே கண்டு, மகள் சிரிக்கும்படி எடுத்துரைக்கிறார். மகள் தந்தையைப் பார்த்துச் சிரிக்கும் அந்தக் கணத்தில் வீட்டின் அதிகாரம் சற்றே இடம் மாறுகிறது. நீதி நூல்கள் பல நூறு ஆண்டுகள் செய்யாததை இச்சிறு நூல் செய்துவிடுகிறது என்று சொன்னாலும் மிகையாகாது.

இந்நூலில் இல்லாதவையும் உண்டு. ரஸ்கினின் மனைவி ஃபிரீதா விக்தோரவா, 1964ஆம் ஆண்டு கவிஞர் புரோத்ஸ்கி ‘சோம்பேறி’ என்று குற்றஞ்சாட்டப்பட்டு விசாரிக்கப்பட்டபோது, நீதிமன்றத்தில் அமர்ந்து அவ்விசாரணையைக் குறித்துவைத்தவர். சிரிக்கும் அப்பாவின் கதைகள் பிறந்த வீட்டிலேயே அக்குறிப்பும் எழுதப்பட்டது. இதனை அறிந்த பின்னும் அக்கதைகளின் நகைச்சுவை குன்றவில்லை. ஆனால் அந்நூல்களைக் காட்டி, அந்நாட்டில் எல்லாக் குழந்தைகளும் எல்லாப் பெரியோரும் இன்பமாகவே வாழ்ந்தனர் என்று பிள்ளைக்குச் சொல்லும் உரிமை எமக்கு இல்லை. பிள்ளை வளர்ந்து கேட்கும்போது இரண்டையும் சொல்லவேண்டும். ஆத்திசூடியிடம் நாம் கேட்கும் கணக்கை மொஸ்கோ நூலிடம் கேட்க மறுத்தால், எமது முற்போக்கும் இன்னொரு பழம்பற்றே.

ரஸ்கினின் முன்னுரையில் பலரும் கவனியாத ஒரு செய்தி உண்டு. சொல்லுதற்குத் தம்மிடம் கதை போதாதபோது, தமக்குத் தெரிந்த வேறு அப்பாக்களிடம் கடன் வாங்கியதாக அவர் சொல்கிறார். அவர்களும் ஒருகாலத்தில் சிறுவர்களாக இருந்தவர்கள்தாமே. புத்தகமே இல்லாது வளர்ந்த தாய்தந்தையர் நிறைந்த பாடசாலையில் கற்பிக்கும் ஆசிரியருக்கு இது உதவும். வகுப்பில் ஓரத்தியாயத்தை வாசித்துவிட்டு, இதுபோல் ஒரு கதையை உங்கள் வீட்டில் கேட்டு வாருங்கள் என்று பிள்ளைகளை அனுப்பலாம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் சிறுமியாக நின்ற அம்மாவின் கதையும், தோணியில் முதன்முதல் ஏறி வாந்தியெடுத்த அப்பாவின் கதையும் மறுநாள் வகுப்புக்கு வரும். அவற்றைப் பிள்ளைகளின் கையாலேயே எழுதுவித்து, நாற்பது பக்கக் கொப்பியொன்றில் சேர்த்துத் தைத்து, வகுப்பு அலுமாரியில் ரஸ்கினுக்குப் பக்கத்தில் வைக்கலாம்.