மிரண்டாவும் யாலுவும்: ஒரு சேற்றுவெளி உறவின் வரவும் செலவும்

நியூசிலாந்தின் வட தீவில் தேம்ஸ் வளைகுடா என்றொரு ஆழமில்லாத கடல் இருக்கிறது. ஓதம் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான். அதன் மேற்குக் கரையில் உள்ள மிரண்டா என்ற சிற்றூரில், 1975இல் பறவை ஆர்வலர்கள் கூடி ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். அங்கிருந்து பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி, சீனாவும் வட கொரியாவும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், யாலு ஆறு மஞ்சள் கடலில் கலக்கிறது. அங்கே சீன அரசின் தேசியக் காப்பகம் ஒன்று உண்டு. 2004இல் இந்த இரண்டு இடங்களும் சகோதரக் காப்பிடங்களாக இருப்பதென்று உடன்பாடு செய்துகொண்டன. இரண்டு வெளியுறவு அமைச்சகங்கள் செய்த காரியமல்ல இது. ஒரு பக்கம் பறவை பார்க்கும் ஊர்க்காரர்கள், மறுபக்கம் ஒரு காப்பக அலுவலகம்.

இவர்களைச் சேர்த்துவைத்தது பட்டைவால் மூக்கன். குளிர்காலத்தில் கோடியக்கரையிலும் காணக்கூடிய பறவைதான். ஆனால் நியூசிலாந்துக்குப் போவது வேறு கிளையினம், அதன் வழியும் வேறு. 2007இல் ‘ஈ7’ என்று பெயரிட்ட ஒரு பெட்டையின் உடலில் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். அது தேம்ஸ் வளைகுடாவிலிருந்து எங்கும் இறங்காமல் யாலு முகத்துவாரம் போய்ச் சேர்ந்தது. சில வாரங்கள் அங்கே தின்று கொழுத்து, அலாஸ்காவுக்குப் பறந்தது. கோடை முடிந்து திரும்பும்போது பசிபிக் கடலைக் குறுக்காகத் தாண்டி 11,680 கி.மீ. தூரத்தை ஏறக்குறைய எட்டு நாட்களில் ஒரே மூச்சாகக் கடந்தது. இந்தப் பறவை நீரில் மிதந்து இளைப்பாறாது. யாலுவின் சேற்றில் இரை இல்லையென்றால் அலாஸ்காவில் முட்டையும் இல்லை, மிரண்டாவில் மூக்கனும் இல்லை. தேம்ஸ் வளைகுடாவை மட்டும் எவ்வளவு பொத்திப் பொத்திக் காத்தாலும் பயனில்லை என்பதை, உடன்பாட்டுக்குப் பின் வந்த இந்தப் பயணம் மிரண்டாக்காரர்களுக்கு உறுதியாகக் காட்டியது.

இந்த உறவின் முதல் பெருமை, அது விழாவோடு நின்றுவிடாததுதான். பல ஆண்டுகள் வசந்தத்தில் நியூசிலாந்துத் தன்னார்வலர்கள் யாலுவுக்குப் போய், காப்பக ஊழியர்களோடு சேர்ந்து பறவைகளை எண்ணினார்கள். ஓதம் ஏறும்போது கரையோரம் ஒதுங்கும் கூட்டத்தை எண்ணுவது எளிய வேலையல்ல. பழகிய கண் வேண்டும், பொறுமை வேண்டும், அடுத்த ஆண்டும் அதே முறையில் எண்ண வேண்டும். அந்தப் பழக்கம் காப்பக ஊழியர்களின் கையிலும் தங்கியது. இதே குழுவினர் பின்னர் வட கொரியாவின் மேற்குக் கரைக்கும் போய் எண்ணினார்கள். பெரிய நாடுகளின் தூதர்களே நுழையத் தடுமாறும் ஒரு நாட்டில், ஒரு சிற்றூர் அறக்கட்டளைக்குக் கதவு திறந்தது. 2018இல் வட கொரியா ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதன் முண்டோக் சேற்றுவெளி ராம்சார் பட்டியலில் ஏறியது.

ஆனால், சேற்றுவெளிகளுக்குக் கிடைத்த காவலையெல்லாம் நட்பின் கணக்கிலேயே வரவு வைப்பது தவறு. 2018இல் வணிக நோக்கில் கடலைத் தூர்ப்பதைச் சீனா நிறுத்தியது. 2024இல் யாலு முகத்துவாரமும் யுனெஸ்கோ உலக மரபுச் சொத்தில் சேர்ந்தது. தூர்ப்பை நிறுத்தியதும் யுனெஸ்கோவுக்குப் பரிந்துரைத்ததும் பெய்ஜிங் எடுத்த முடிவுகள். சீனப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு, ஆஸ்திரேலிய எண்ணிக்கைகள், பன்னாட்டு அமைப்புகளின் அழுத்தம் என்று பல கைகள் அவற்றுக்குப் பின்னால் உண்டு. ஐம்பது ஆண்டுகளில் மஞ்சள் கடலின் சேற்றுவெளியில் மூன்றில் இரண்டு பங்கு வரை அழிந்த பிறகே அந்த முடிவுகள் வந்தன என்பதையும் மறக்கக் கூடாது.

ஒரு தோல்வியோடு ஒப்பிட்டால்தான் இந்த உறவின் தன்மை தெளிவாகும். தென் கொரியாவின் சேமாங்கும் கழிமுகத்தில் 33 கி.மீ. நீளமுள்ள கடல் சுவர் 2006இல் முழுதாக அடைபட்டது. கொரியப் பறவை ஆர்வலர்களும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் 2006 முதல் 2008 வரை அங்கே சேர்ந்து எண்ணினார்கள், வெளிப்படையாக எதிர்த்தும் பேசினார்கள். சுவர் நின்றது, சேறு காய்ந்தது. அங்கே இரை தேடிய உள்ளான் இனம் ஒன்றில் சுமார் 90,000 பறவைகள் காணாமல் போயின. அவை பக்கத்துக் கரைகளுக்கு இடம்பெயரவும் இல்லை என்பதை அந்த எண்ணிக்கைதான் காட்டியது. அங்கே வாய் திறக்க முடிந்தது, ஆனால் கேட்பார் இல்லை. யாலுவில் நிலைமை நேர்மாறு. விருந்தாளியாகப் போகிறவர் வீட்டுக்காரரைப் பொதுவில் குறை சொல்ல முடியாது. சொன்னால் மறு வசந்தத்தில் அனுமதி கிடைக்குமா என்பதே சந்தேகம். நட்பு தரும் நுழைவுக்கு விலை மௌனம். என் பார்வையில் அந்த விலை கொடுக்கத் தக்கதுதான். ஆனால் அது விலை என்பதை ஒப்புக்கொள்ளாமல், நட்பை மட்டும் பாராட்டும் கட்டுரைகள் முழு உண்மையைச் சொல்வதில்லை.

இதைவிட ஆழமான குறை, அந்தச் சேற்றிலேயே பிழைப்பவர்கள் உடன்பாட்டில் எங்குமே இல்லை என்பது. யாலு கரையில் மட்டி பொறுக்குவோர் உண்டு. கடல் அட்டை வளர்க்கும் குளங்கள் உண்டு. மூக்கனுக்கு முக்கிய இரையான சிறு மட்டி, 2010களில் காப்பகப் பகுதியிலேயே கிட்டத்தட்ட இல்லாமல் போனது. காப்பகத்தின் எல்லைக் கோடு இருந்தது. உள்ளே தின்ன ஒன்றுமில்லை. பறவையை எண்ணுகிறவர்கள் ஒரு தரப்பு, மட்டியை நாள்தோறும் கையால் தொடுகிறவர்கள் இன்னொரு தரப்பு. இரண்டாம் தரப்பிடம் கேட்டிருந்தால் சரிவு முன்கூட்டியே தெரிந்திருக்கக்கூடும். ‘சமூகங்களுக்கு இடையிலான உறவு’ என்ற பெயருக்கு முழுத் தகுதி வர, அவர்களும் மேசைக்கு வர வேண்டும்.

நியூசிலாந்துக் கரையும் குற்றமற்றதல்ல. காடழித்து மேய்ச்சல் நிலமாக்கிய ஹவுராக்கி சமவெளியிலிருந்து வண்டல் வந்து வளைகுடாவில் படிகிறது. அதன்மேல் அலையாத்தி பரவுகிறது. பிச்சாவரத்தைப் போற்றும் நமக்கு அலையாத்தி என்றாலே நல்லது. அங்கேயோ, திறந்த சேற்றை விரும்பும் பறவைகளின் இடத்தை அது எடுத்துக்கொள்கிறது. ஒரு சகோதர உறவு இரண்டு பக்கமும் கேள்வி கேட்க வேண்டும். யாலுவைப் பற்றி நியூசிலாந்தில் பேசப்படும் அளவுக்கு, ஹவுராக்கி சமவெளியின் பால்பண்ணைகளைப் பற்றி யாலுவில் பேசப்படுவதாகத் தெரியவில்லை.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனும் ஜப்பானின் நராஷினோவும் 1998இல் செய்துகொண்ட சகோதரச் சதுப்புநில உடன்பாட்டை இங்கே நினைக்கலாம். நராஷினோவின் யாட்சு சேற்றுவெளி சுமார் 40 ஹெக்டேர்தான். வீடுகளும் நெடுஞ்சாலையும் சூழ்ந்தது. குப்பைக் கிடங்காகக் கிடந்த அதை 1970களில் இறங்கிச் சுத்தம் செய்யத் தொடங்கிய உள்ளூர்க்காரர்களால்தான் அது பிழைத்தது. பிரிஸ்பேனோடு நடக்கும் பரிமாற்றம் அந்த ஊர்ப் பற்றை உயிரோடு வைத்திருக்கிறது. அது பெரிய விஷயம். ஆனால் இரண்டும் ஏற்கெனவே 1993 முதல் ராம்சார் காவலில் இருந்த இடங்கள். வலசைப் பாதையின் இரு பத்திரமான இடங்கள் கைகுலுக்கும்போது, ஆபத்தில் இருக்கும் நடு இடம் தனியாகவே நிற்கிறது. மிரண்டாக்காரர்கள் தங்களுக்குப் பிடித்த ஊரைத் தேடவில்லை. பறவை எங்கே பட்டினி கிடக்குமோ அந்த இடத்தைத் தேடிப் போனார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே, குறைகளையும் மீறி, மற்ற உடன்பாடுகளை அளக்க நான் மிரண்டா–யாலு உறவையே அளவுகோலாகக் கொள்கிறேன். இனி அதில் கையெழுத்திட வேண்டியவர்கள் யாலுவின் மட்டிக்காரர்களும் ஹவுராக்கியின் பால்பண்ணைக்காரர்களும்.