ஓடி ஓய்ந்த குதிரைக்கு ஒரு வீடு: இலங்கை வழியும் இந்திய வழியும்

1842-இல் தொடங்கிய சிங்கப்பூர் டர்ஃப் கிளப், 2024 அக்டோபர் 5 அன்று கிராஞ்சித் திடலில் தன் கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்தது. 1864-இல் பிறந்த பினாங்கு டர்ஃப் கிளப்பும் 2025 மே 31-உடன் பந்தயத்தை நிறுத்திக்கொண்டது. தீபகற்ப மலேசியாவில் இனி மிச்சம் ஈப்போவும் சுங்கை பீசியும்தான். ஒரு திடலை மூடுவதற்கு ஒரு தேதி குறித்தால் போதும். அங்கே நிற்கும் குதிரைக்கு அப்படித் தேதி குறிக்க முடியாது. சிங்கப்பூர் மூடல் அறிவிப்பு வந்தபோது அங்கே சுமார் 700 பந்தயக் குதிரைகள் இருந்தன. ஓடத் தெம்புள்ளவை வேறு திடல்களுக்குப் போகும். கால் போனதும் வயதானதும் எங்கே போகும்?

இந்தப் பேச்சு செமோர் வரைக்கும் வந்துவிட்டதில் வியப்பில்லை. ஈப்போ திடல் நமக்குப் பக்கம்தான். பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்ட நிலம், அதுவும் துண்டு துண்டாக விலைபோன பிறகு வீடமைப்புக்கு நடுவே மிஞ்சிய இரண்டு ஏக்கர், சுண்ணாம்புக் குன்றின் அடியில் சும்மா கிடக்கும் பழைய ஈயக்குட்டைக் கரை என்று இடம் வைத்திருப்பவர்கள் இங்கே உண்டு. “குதிரை காசில்லாமலே கிடைக்குதாம், கொண்டாந்து கட்டிப் போட்டா என்ன?” என்று ஒட்டுக்கடையில் ஒருவர் ஆரம்பிப்பார். “தோட்டத்துல மாடு வளர்த்த ஆளுங்கதானே நாம” என்று அடுத்தவர் சேர்ந்துகொள்வார்.

இந்த ஆசையை எடைபோட, நம் பெரியவர்கள் புறப்பட்டு வந்த இரண்டு கரைகளையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பேராக்குக்குத் தோட்ட வேலைக்கு வந்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தார்கள். கிராணியாகவும் ரயில்வே உத்தியோகத்துக்கும் வந்தவர்களில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள். இரு கரைகளிலும் வேலை முடிந்த குதிரை உண்டு. அதை வைத்துக் காப்பாற்றும் விதம்தான் வேறு.

முதலில் கணக்கு. பந்தயக் குதிரை பெரும்பாலும் எட்டு வயதுக்குள் ஓடி ஓய்ந்துவிடும். ஆனால் ஆயுள் 25 வயதையும் தாண்டும். மட்டக்குதிரை முப்பதைக் கடப்பதும் உண்டு. அதாவது, உழைத்த காலத்தைவிட உட்கார்ந்து தின்னும் காலம் மூன்று நான்கு மடங்கு. 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏழு முதல் ஒன்பது கிலோ உலர்தீவனம் வேண்டும். பச்சைப் புல்லாகப் போட்டால் இதைப்போல் சில மடங்கு. தண்ணீர் குறைந்தது 25 லிட்டர், நம் வெயிலுக்கு அதில் இரட்டிப்பு. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது பல்லைப் பார்த்துக் கூரான ஓரத்தை அராவ வேண்டும்.

இதற்குமேல் ஒன்று பணத்தில் அடங்காதது. குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி. தனியாகக் கட்டிப்போட்டால் நின்ற இடத்திலேயே உடம்பை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருக்கும். கொட்டில் கட்டையைப் பல்லால் கவ்விக் காற்றை விழுங்கும். அதனால்தான் ஏறிச் செல்ல உதவாத குதிரையைக்கூட இன்னொரு குதிரைக்குத் துணையாகக் கேட்டு வாங்குகிறார்கள். கூட நிற்பதே அதன் உத்தியோகம். ஆக, நல்ல வீடு என்பதற்கு இரண்டு தூண்கள்: அருகில் இன்னொரு குதிரை, நாள்தோறும் பொறுப்பேற்கும் ஓர் ஆள். இலங்கை முதல் தூணை நன்றாக நட்டிருக்கிறது. இந்தியா இரண்டாவதற்குப் பாடுபடுகிறது.

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, குறிகட்டுவான் துறையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகுப் பயணத்தில் நெடுந்தீவு. பவளப்பாறை மண், பனை, கல் அடுக்கிய வேலிகள். அங்கே யாருக்கும் சொந்தமில்லாத மட்டக்குதிரைகள் கூட்டம் கூட்டமாக மேய்கின்றன. போர்த்துக்கேயர் கொண்டுவந்து விட்டவை என்பார்கள். ஒல்லாந்தர் காலத்தில் பெருகின என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவை நிர்வகித்த பிரித்தானிய அதிகாரி லெப்டினன்ட் நோலன் அங்கே குதிரை வளர்ப்பை நடத்தினார். பிறகு அரசுக்கு அந்தக் குதிரைகள் தேவைப்படவில்லை, பண்ணை மூடப்பட்டது. கிராஞ்சிக்கும் பினாங்குக்கும் இப்போது நேர்ந்தது, நெடுந்தீவுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நேர்ந்துவிட்டது. ஒரு வேற்றுமை: அங்கே குதிரைகளை யாரும் அப்புறப்படுத்தவில்லை. கூட்டம் கலையாமல் அங்கேயே தங்கிவிட்டது. அவற்றைத் தீவைவிட்டு வெளியே கொண்டுபோகத் தடை உண்டு. 2015-இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது.

துணை என்ற வகையில் இதைவிட நல்ல வீடு அமையாது. குட்டி தாயோடும், பெட்டைகள் தங்கள் கூட்டத்தோடும் திரிகின்றன. ஆனால் மழை பொய்த்த ஆண்டில் நெடுந்தீவின் கதை வேறு. நிலத்தடி நீர் உவர்ப்பு. குட்டைகள் வறண்டால் குதிரைகள் சேற்றருகே விழுந்து சாகின்றன; அப்புறம்தான் பௌசர் வண்டியில் தண்ணீர் வருகிறது. யாருக்கும் சொந்தமில்லாத குதிரையின் தாகம் ஒருவருடைய கடமை ஆவதில்லை. இடம் காப்பாற்றப்பட்டது, கூட்டம் காப்பாற்றப்பட்டது, காலையில் தொட்டியைப் பார்க்க ஆள் இல்லை.

மலையகத்தில் நுவரெலியா இதற்கு நேர்மாறு. அங்கே குதிரைக்குச் சொந்தக்காரர் உண்டு. சித்திரைப் பருவத்தில் பந்தயம். கிரகரி வாவிக் கரையில் சுற்றுலாப் பயணிகளுக்குச் சவாரி. ஓடும் குதிரைகளில் பல இந்தியாவில் வாங்கிக் கப்பலேற்றியவை. பருவம் முடிந்து வருமானம் நின்றதும் சிலவற்றின் கயிறு அவிழ்கிறது. இரவில் நகரத்துத் தெருவில் குப்பையைக் கிளறும் குதிரையைப் பார்த்திருப்பவர்களுக்கு, அதன் முதுகில் சேணம் இருந்த காலத்தை ஊகிப்பது கடினமில்லை. வருமானம் இருக்கும்வரை உரிமை, நின்ற பிறகு தெரு.

இந்தத் தெருக்காட்சி இலங்கைக்கு மட்டும் உரியதில்லை. ஊட்டியிலும் இதே கதைதான்: பகலில் படகு இல்லத்தருகே சவாரி, வேலைக்கு ஆகாதபோது சாலை. ஊட்டிப் பந்தயத் திடலின் 52 ஏக்கரைத் தமிழ்நாடு அரசு 2024 ஜூனில் திரும்ப எடுத்துக்கொண்டது. திடல் மூடும் காலம் எல்லா ஊருக்கும் வந்திருக்கிறது. ஆனால் ஊட்டியிலிருந்து மலையிறங்கினால் ஒரு வேற்றுமை தெரியும். மசினகுடிக்கு அருகே மாவனல்லாவில் ‘ஐபான்’ அமைப்பு நடத்திய ஹில் வியூ பண்ணைப் புகலிடம், கைவிடப்பட்ட மட்டக்குதிரைகளையும் கழுதைகளையும் ஏற்றுக்கொண்டது. அங்கே மருத்துவர் இருந்தார், தீனி வைக்க ஆள் இருந்தார், பக்கத்தில் நிற்க வேறு குதிரைகளும் இருந்தன. இந்த எண்ணம் அந்த மண்ணுக்குப் புதிதல்ல. பால் வற்றிய மாட்டை அடிமாட்டுக்கு விடாமல் வைத்துக் காக்கும் பிஞ்சராபோல் மரபு பழையது. சென்னை அயனாவரத்தில் உள்ள மெட்ராஸ் பிஞ்சராபோல் 1906-இலிருந்து இருக்கிறது. பறிமுதலான விலங்கை வழக்கு முடியும்வரை இப்படிப்பட்ட இடத்தில் வைத்து, செலவை உரிமையாளரிடம் வசூலிக்க 2017-இல் மத்திய அரசு விதிகளும் வகுத்தது.

இந்தியாவிலும் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையைப் பாருங்கள். வாங்க வந்தவர் முதலில் குதிரையின் நெற்றி, கழுத்து, மார்பு என்று விரலை ஓட்டிச் சுழி தேடுகிறார். பிறகு உதட்டைப் பிரித்துப் பல்லில் வயது பார்க்கிறார். பிறகுதான் நடக்கவிட்டுக் கால் பார்க்கிறார். “சுழியெல்லாம் சுத்தமுங்க, பல்லப் புடிச்சுப் பாருங்க” என்பார் விற்பவர். குதிரை வீட்டுக்கு ஆகுமா என்று இத்தனை பார்க்கிறார்கள். வீடு குதிரைக்கு ஆகுமா என்று கேட்க அங்கே ஆளில்லை. கெட்ட சுழி என்று பேர் எடுத்துவிட்டால், நல்ல குணமுள்ள குதிரையும் கைமாறிக் கைமாறி விலை இறங்கிக்கொண்டே போகும். மும்பையில் விக்டோரியா குதிரை வண்டிகள் சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் 2015 ஜூன் 8 அன்று தீர்ப்பளித்தபோது, வண்டிகளை நிறுத்த ஓராண்டு அவகாசம் தந்து, அவற்றை நம்பிய குடும்பங்களுக்கு மறுவாழ்வுத் திட்டம் கேட்டது. அதற்குப் பிறகும் நடந்த வாதங்களில் மனிதர்களின் இழப்பீடுதான் பெரிதாக நின்றது. இதற்கிடையே குதிரைகளின் எண்ணிக்கையே சுருங்கிவிட்டது: 2012-இல் சுமார் 6.25 லட்சமாக இருந்த இந்தியக் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019 கணக்கெடுப்பில் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன.

நல்ல உதாரணம் ஒன்றும் அங்கிருந்தே கிடைக்கிறது. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படையில் பதின்மூன்று குடியரசு தின அணிவகுப்புகளில் நடந்த விராட் என்ற குதிரை, 2022 ஜனவரி 26 அன்று ஓய்வு பெற்றது. அதை ஏலம் விடவில்லை, தானமும் கொடுக்கவில்லை, படைப்பிரிவே வைத்துக்கொண்டது. பழகிய லாயம், பழகிய கைகள், பழகிய கூட்டம். இரண்டு தூண்களும் ஒரே இடத்தில் நிற்பது இங்கேதான். உழைப்பை வாங்கிய கையே முதுமைக்கும் பொறுப்பேற்றது.

சட்டத்தை நம்பி இருக்கலாமா என்றால், இரு நாடுகளிலும் அது கிழடாகிவிட்டது. இலங்கையில் இன்னும் 1907-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடைக் கட்டளைச் சட்டம். அபராதத்தின் உச்சம் நூறு ரூபாய். 2006-இல் சட்ட ஆணைக்குழு வரைந்த புதிய மசோதா ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. இந்தியாவின் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதல் குற்றத்துக்குப் பத்திலிருந்து ஐம்பது ரூபாய். ஒரு கட்டுப் புல்லின் விலைகூட இல்லை. நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் கடுமையானது: வதைக்கு 20,000 முதல் ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. ஆசைப்பட்டு வாங்கி அறியாமையால் பட்டினி போடுபவரும் இதற்குள் மாட்டிக்கொள்ளலாம்.

அறியாமை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மாடு வளர்த்த கைக்குக் குதிரை தானாகப் பழகிவிடாது. மாடு அசைபோடும், பழைய சோற்றையும் சமாளித்துவிடும். குதிரைக்கு இரைப்பை சிறியது, வாந்தி எடுக்கவும் வராது. பூஞ்சை பிடித்த ரொட்டியோ ஒரேயடியாகக் கொட்டிய தவிடோ குடலை முறுக்கிவிட்டால் விடிவதற்குள் போய்விடலாம். மாட்டுக்கு வெட்டிப்போடும் நேப்பியர் புல்லில் உள்ள ஆக்சலேட், குதிரையின் உடம்பில் சுண்ணாம்புச் சத்தைச் சேரவிடாது. அதையே மாதக்கணக்கில் தின்றால் முக எலும்பு வீங்கும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்து வந்த பந்தயக் குதிரை, நம் ஈரவெக்கையில் வியர்ப்பதையே நிறுத்திவிடுவதுண்டு. அப்போது நிழலும் தண்ணீர் தெளிப்பும்தான் அதன் உயிர். 2020-இல் தாய்லாந்தில் ஆப்பிரிக்கக் குதிரை நோய் நூற்றுக்கணக்கான குதிரைகளைக் கொன்ற பிறகு மலேசியாவுக்குள்ளும் வந்தது. அதைப் பரப்புவது கொசுவைவிடச் சிறிய கடிபூச்சி. சாதாரண வலை போதாது.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைப் பழிப்போம். சும்மா கிடைக்கிறது என்றதும் வாய் திறந்து, மாதச் செலவு என்றதும் வாய் மூடுவது நாம்தான்.

ஆகவே செமோரில் குதிரை கேட்பவரிடமும், கொடுப்பவரிடமும் சில கேள்விகள் கேட்கலாம். ஏற்கெனவே அங்கே ஒரு குதிரையாவது நிற்கிறதா? இல்லையென்றால் இரண்டாக எடுக்க முடியுமா? குளம்பு செதுக்க யார் வருவார், நள்ளிரவில் வயிற்றுவலி வந்தால் எந்த மருத்துவர்? கொடுப்பவர் முதலில் நேரில் வந்து வேலியையும் நிழலையும் தண்ணீரையும் பார்த்தாரா? இவையெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்: மூன்று மாதம் பழக்கிப் பார்க்கும் காலம், வைத்துக்கொள்ள முடியாவிட்டால் கொடுத்தவருக்கே திருப்பித் தரும் உறுதி, அவரைக் கேட்காமல் விற்கவோ கைமாற்றவோ கூடாது என்ற நிபந்தனை. இந்தக் கடைசி வரி இருந்திருந்தால் ஊட்டியிலும் நுவரெலியாவிலும் பாதிக் குதிரைகள் தெருவுக்கு வந்திருக்காது.

வாங்குபவரின் வயதையும் கேட்க வேண்டும். பத்து வயதுக் குதிரைக்கு இன்னும் பதினைந்து ஆண்டு இருக்கலாம். ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வுப் பணத்தோடு ஆசைப்படுபவர், எழுபத்து மூன்றாம் வயதிலும் காலையில் புல் சுமக்கத் தயாரா, இல்லையென்றால் பிள்ளைகள் ஒப்புக்கொண்டார்களா? இதற்குப் பதில் வராத இடத்தில் எத்தனை ஏக்கர் இருந்தாலும் குதிரையைக் கொடுக்கக் கூடாது. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் நால்வர் சேர்ந்து, ஒரே வேலிக்குள் நான்கு குதிரைகளையும் சம்பளத்துக்குக் குதிரை பராமரிக்கும் ஒரு சைஸையும் வைத்தால், செலவும் பங்காகும், துணையும் அமையும். ஈப்போவில் குதிரையோடு வாழ்ந்து பழகிய தமிழ்ச் சைஸ்களுக்கும் வேலை கிடைக்கும். தனித்தனியாக ஆளுக்கொரு குதிரை கட்டுவதைவிட அதுவே செமோருக்கு ஏற்ற வழி.