படத்தில் இருப்பதும் கவிதையில் இல்லாததும்

படம் பார்த்து எழுதும் கவிதைகள் நம்மிடையே பெருகிவிட்டன. 2004 டிசம்பர் 26 கடற்கோளின் பின் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது எனக் கரை நெடுக எடுக்கப்பட்ட புகைப்படங்களுக்கு எழுதினோம். 2015இல் துருக்கிக் கரையில் குப்புறக் கிடந்த சிரியக் குழந்தை அய்லான் குர்தியின் படத்துக்கும் எழுதினோம். (நானும் ஒன்று எழுதிக் கிழித்துப் போட்டேன்.) அவற்றிற் பெரும்பாலானவை சிவப்புச் சட்டை, சப்பாத்து, மணல், அலை என்று படத்தில் உள்ளதையே திரும்பச் சொன்னவை. கவிஞர் சேர்த்தது கண்ணீர் மட்டுந்தான். படத்தைப் பார்த்துவிட்ட ஒருவருக்கு அந்தக் கவிதை எதற்கு?

ஆங்கிலக் கவிஞர் ஓடன் 1938இல் பிரசல்ஸ் நகர அரும்பொருட்சாலையில், புறூகலின் பெயரால் அறியப்படும் இக்காரசின் வீழ்ச்சி ஓவியத்தைப் பார்த்து எழுதினார். வானிலிருந்து விழுந்தவனின் கால்கள் கடலின் ஒரு மூலையில் சிறிதாய்த் தெரிகின்றன. ஓடனின் கண்ணோ திரும்பிப் பாராமல் உழுகின்றவனிடமும், நிற்காமற் போகும் கப்பலிடமும் தங்குகிறது. மேற்கே வயலும் கிழக்கே கடலுமாக வாழும் நமக்கு அந்த உழவன் அந்நியன் அல்லன்.

நம் மண்ணிலேயே இன்னொரு வழி உண்டு. கல்முனைக்குடியிற் பிறந்த எம்.ஏ. நுஃமான், 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதன் பின் எழுதிய ‘புத்தரின் படுகொலை’. அது எந்தச் சிலையையும் வர்ணிக்கவில்லை. ஓவிய, சிற்பக் கவிதைகளின் வரிசையில் அதை யாரும் வைப்பதுமில்லை. ஆயினும் சந்திக்குச் சந்தி நாம் காணும், பாதி இமை மூடிய அந்தச் சிலை வாசகர் மனக்கண்ணில் இல்லாவிட்டால் கவிதை பாதி பலமிழந்துவிடும். கல்லில் மட்டுமே கண்டு பழகிய சாந்தம், கனவில் நூலகப் படிக்கட்டருகே குருதியிற் கிடக்கிறது. நூல்களோடு அந்த உடலையும் எரிக்கிறார்கள். தம்மபதமும் சாம்பலாகிறது. உருவ வழிபாடு இல்லாத மரபில் வந்த ஒருவர், பிறர் வணங்கும் உருவத்தை இழிவுபடுத்தாமல், அந்த உருவத்தைக் கொண்டே அதன் காவலர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்வோரை விசாரிக்கிறார். உருவங் குறித்து நமக்குள்ள தயக்கம் கவிஞனுக்குத் தடை என்போர் இதை மறுபடி படிக்க வேண்டும்.

அய்லானின் படத்துக்கு வருவோம். அன்று எடுத்த படங்களில் ஒன்றில் குழந்தைக்குப் பக்கத்தில் சீருடை அணிந்த ஒருவர் நிற்கிறார். இன்னொன்றில் அவர் குழந்தையைத் தூக்கிப் போகிறார். நான் வாசித்த நம்மவர் கவிதைகள் எதிலும் அந்த மனிதர் இல்லை.